தாடைத் தட்டில் ஒரு கார்ப்பரேட்டர்

ஏழரைக்கு டாக்டர் ஹெக்டே கிளம்பிவிடுவார்.
ஷட்டரை முக்கால் இறக்கிவிட்டு
டிபன் பையிலிருந்து அதை எடுத்தேன்:
பழைய ஃபியட்டின் கார்ப்பரேட்டர்,
உரித்த தேங்காயின் கனம்,
துத்தநாக உடம்பெங்கும் வெள்ளை பூத்து.

ஓடாத வண்டிகளை முப்பதாம் தேதிக்குள் அகற்றவும் என்று
லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தார்கள்.
வண்டிகள் என்று பன்மையில்.
ஜீவனஹள்ளியின் எங்கள் அடுக்ககத்தில்
ஓடாதது ஒன்றுதான்.
சீட்டுப் பணத்தில் வாங்கியது. என்னுடையது.

மிதவைக் கிண்ணத்தைத் திறந்தால்
பதினோரு வருடத்துப் பெட்ரோல்
அடிப்பிடித்த வெல்லப்பாகு.
மோந்து பார்த்தேன்.
வார்னிஷ் அடித்த கையோடு பூட்டிவிட்ட அறை.

ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையில்
அச்செடுக்கும் தட்டுகளில் அடுக்கினேன்.
மேல்தாடையில் மூடியின் ஐந்து,
கீழ்த்தாடையில் பம்பின் நான்கு.
கடுகைவிடக் கொஞ்சம் பெரிய எஃகுக் குண்டு ஒன்று
உருண்டு நாற்காலிக்கடியில் ஒளிந்தது.
முழங்காலில் நின்றேன், எதையும் வேண்டிக்கொள்ளாமல்.
கிடைத்ததும் வாயில் போட்டு அடக்கிக்கொள்ளத் தோன்றியது.

ஜே.சி. ரோட்டில் கிட் விற்ற நவாஸ் சொல்லியிருந்தார்:
'ஜெட்டுக்குள்ள மட்டும் கம்பி விட்டுடாதீங்க மேடம்.
பித்தளை. மயிரளவு அகண்டாலும்
வண்டி குடிக்க ஆரம்பிச்சிடும்.'
பதினைந்து, இருபது, இருபத்தைந்து என்று
வெள்ளை, மஞ்சள், சிவப்புக் காம்பு ஊசிகளை
வரிசை பிசகாமல் டாக்டரிடம் நீட்டுகிறவள் நான்.
வேர்க்குழாயை அகலப்படுத்துவதே எங்கள் வைத்தியம்.
ஊசிப் பெட்டியை மூடினேன்.

கருவி கழுவும் அதிர்வுத் தொட்டி. அறுபது டிகிரி.
காதுக்கு எட்டாத ஓசை என்கிறது கையேடு.
என் கடைவாய்ப் பற்களுக்கு எட்டியது.
ஒவ்வொரு துளையிலிருந்தும்
கறுப்பு, நூல் நூலாக.
மூன்று தண்ணீர் மாற்றினேன்.
நான்காவதில் மிதந்தது ஓர் எறும்பின் கால்.

சுத்தம். ஆனால் சாம்பல்.
கேஸ்கெட் மறைத்திருந்த விளிம்பில் மட்டும்
பழைய பூச்சு ஒரு கோடாக மிஞ்சியிருந்தது,
பச்சையும் ஊதாவும் ஓடும் மஞ்சள்.
அந்தக் கோட்டைப் பார்க்காமல் இருந்திருந்தால்
ஐந்நூறு ரூபாய் மிச்சம்.

காமாக்ஷிபாளையத்தில்
போல்ட்டுகளுக்குப் பூச்சு போடும் பட்டறை.
'இதன்ன யாரு நோட்தாரெ?' என்றார் சென்னவீரப்பா,
பானட் மூடுவதுபோல் கையைக் கவிழ்த்து.
கீழ்ப்பல்லின் உட்பக்கத்தையும்தான்
மெருகேற்றி அனுப்புகிறோம்,
அதை யார் பார்க்கிறார்கள்?
இவ்வளவும் கன்னடத்தில் வரவில்லை.
பணத்தை நீட்டினேன்.

செப்புக் கம்பியில் கட்டினார்.
என் மூக்கைக் காட்டி, பொத்து என்றார்.
ஆரஞ்சுத் தொட்டிக்குள் இறக்கினார்.
ஒந்து. எரடு. மூரு. நால்கு.
ஐது.
ஆறு.
ஏளு.

பொன் அல்ல.
பொன்னுக்கு இத்தனை நிறம் தெரியாது.

'இவத்து முட்டபேடி.'
இன்றைக்குத் தொடக்கூடாது. தோல் இளசு.
நாளை இந்நேரம் இறுகும்.
வாலைப் பிடித்த எலிபோல
கம்பியைப் பிடித்துத் தொங்கவிட்டபடி பஸ் ஏறினேன்.
பக்கத்து சீட்டுப் பெண் பிள்ளையை மடிமாற்றிக்கொண்டாள்.
மாகடி ரோடு சிக்னலில்
டிரைவர் போட்டார் ஒரு பிரேக்.

கிண்ணத்தின் பக்கவாட்டில் என் கட்டைவிரல்,
ரேகை ரேகையாக.
துடைத்தால் தோலோடு வந்துவிடும்.
விட்டுவிட்டேன்.

இருபத்தொன்பதாம் தேதி இரவு.
சோக்கை இழுத்து மூன்றாம் முறை தும்மியது.
ஐந்தாவதில் பிடித்துக்கொண்டது.
நவாஸ் சொன்னபடி ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று தளர்த்தி
அரைக்கால் மூடினேன்,
இருமல் தணிந்து பேச்சானது.
நான்கு அடி முன்னால். நான்கு அடி பின்னால்.
அதே இடத்தில் நிறுத்தினேன்.
இப்போது அது ஓடும் வண்டி.

செக்ரட்டரி ஜெயதீர்த்த ராவ்
லுங்கியோடு இறங்கிவந்து
பேஸ்மென்ட்டில் நீலமாய் நின்ற புகையைப் பார்த்தார்.
பானட்டைத் தூக்கி, டார்ச் அடித்து,
'இங்க பாருங்க சார்' என்றேன்.
பார்த்தார்.
'விரல் பட்டிருக்கே' என்றார்.

காலையில் லிஃப்ட் கதவில் புது நோட்டீஸ்.
புகை கக்கும் வண்டிகளை.
இன்னும் பன்மையில்.